வாடகையைவிடப் பெரிய சுமை ‘அட்வான்ஸ்’: காக்ஸ் டவுன் எழுப்பும் கேள்வி

பெங்களூரு: நகரின் மையப் பகுதியை ஒட்டிய காக்ஸ் டவுனில் வீடு தேடுவோர் முதலில் கேட்கும் கேள்வி ‘வாடகை எவ்வளவு?’ என்பதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் குடியேற முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிப்பது அடுத்த கேள்விக்கான பதில்: ‘அட்வான்ஸ் எத்தனை மாதம்?’ பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூருவில் பல பத்தாண்டுகளாக வேரூன்றிய வழக்கம். அண்மைக் காலத்தில் ஆறு மாதம், ஐந்து மாதம் என்று இறங்கிவரும் உரிமையாளர்களும் உண்டு. எத்தனை மாதமானாலும், இந்தத் தொகைக்குச் சட்டப்படியான உச்சவரம்பு கர்நாடகத்தில் இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது அது எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்பதற்கு விரைவான தீர்வு தரும் அமைப்பும் இல்லை.

வாடகை உயர்வு பற்றி ஊடகங்களும் சமூக வலைத்தளங்களும் தொடர்ந்து பேசுகின்றன. அதற்குப் பின்னால் இருக்கும் இந்தச் சட்ட வெற்றிடம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு செல்லும் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடும் விவகாரம் இது.

கண்டோன்மென்ட் தந்த குடியிருப்பு

காக்ஸ் டவுன் பிறந்த கதையே வீட்டுப் பற்றாக்குறையிலிருந்து தொடங்குகிறது. 1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர், 1809ஆம் ஆண்டு முதல் பெங்களூருவில் ஆங்கிலேயப் படையின் கண்டோன்மென்ட் உருவானது. படையுடன் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வீரர்களும் வணிகர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வந்து குடியேறினர். அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் வட்டாரங்களில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமாக வாழ்வதற்கு இதுவே அடிப்படை. 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெங்களூரு தமிழ்ச் சங்கமும், 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அல்சூர் ஏரியை ஒட்டியே அமைந்துள்ளன.

1898ஆம் ஆண்டில் பெங்களூருவைத் தாக்கிய பிளேக் நோய், நெருக்கடியான குடியிருப்புகளின் ஆபத்தை ஆட்சியாளர்களுக்கு உணர்த்தியது. காற்றோட்டமான அகன்ற தெருக்களுடன் புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. கண்டோன்மென்ட் பகுதியில் அவ்வாறு உருவான புறநகர்களின் வரிசையில் வந்தது காக்ஸ் டவுன். அன்றைய கண்டோன்மென்ட் நிர்வாகத்தில் கலெக்டராக இருந்த ஏ.ஆர்.காக்ஸின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் பெயரால் சர்வக்ஞ நகர் என்று அழைக்கப்பட்டாலும், மக்கள் வழக்கில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தோட்டத்துடன் கூடிய ஓட்டு வீடுகள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பங்களாக்கள், அவற்றை அடுத்து தொழிலாளர் குடும்பங்களின் சிறு வீடுகள் என்பதே இப்பகுதியின் பழைய முகம். ஒரு பங்களா இருந்த மனையில் இன்று பல வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் எழுகிறது. இவ்வட்டாரத்தில் பலருக்கு வேலை தந்த பழைய சிகரெட் ஆலையை ஒட்டிய பனசவாடி பிரதான சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. ஆலைத் தொழிலாளி குடியிருந்த தெருக்களில் இன்று மென்பொருள் பொறியாளரும் வீடு தேடுகிறார்.

தேவை கூடுவதன் காரணங்கள்

காக்ஸ் டவுனுக்கு நிலவும் தேவைக்கு அதன் இருப்பிடமே முதல் காரணம். மகாத்மா காந்தி சாலை, சிவாஜிநகர், இந்திராநகர் ஆகியவை சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. 2011 அக்டோபரில் தொடங்கிய மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் அல்சூர், இந்திராநகர், சுவாமி விவேகானந்தர் சாலை நிலையங்கள் எட்டும் தொலைவில் இருக்கின்றன. இத்தடம் 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு முதல் சல்லகட்டா வரை முழுமையாக இணைக்கப்பட்டது. அதன் பிறகு, ஒயிட்ஃபீல்டில் வேலை செய்வோரும் நகரின் உட்பகுதியில் குடியிருப்பது எளிதாயிற்று. பையப்பனஹள்ளியில் 2022 ஜூன் மாதம் முதல் இயங்கும் சர் எம். விஸ்வேஸ்வரய்யா ரயில் முனையமும் அருகிலேயே உள்ளது.

இரண்டாவது காரணம் தண்ணீர். 2024ஆம் ஆண்டின் கோடையில் பெங்களூருவின் ஆழ்துளைக் கிணறுகள் பெருமளவில் வறண்டன. புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் டேங்கர் லாரிகளுக்குக் காத்திருந்தன. காவிரிக் குழாய் இணைப்பு நீண்ட காலமாக உள்ள பழைய நகரப் பகுதிகளின் மதிப்பு அப்போது வாடகைதாரர்களுக்குப் புரிந்தது. புறநகரின் 110 கிராமங்களுக்கு நாள்தோறும் 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. எனினும் வீடு பார்க்கச் செல்வோர் ‘காவிரி வருகிறதா, போர்வெல்லா?’ என்று கேட்கும் பழக்கம் அந்தக் கோடைக்குப் பிறகு உறுதிப்பட்டுவிட்டது.

மூன்றாவது காரணம் கொரோனாவுக்குப் பிந்தைய மாற்றம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பணியாளர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பியதால் வீடுகள் காலியாயின. உரிமையாளர்கள் வாடகையைக் குறைத்தனர். 2022 முதல் நிறுவனங்கள் பணியாளர்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தபோது, ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வீடு தேடி வந்தது. பேரம் பேசும் வலிமை உரிமையாளர் பக்கம் சாய்ந்தது. அந்த வலிமை வெளிப்படும் இடங்களில் முக்கியமானது அட்வான்ஸ்.

அட்வான்ஸின் உண்மையான கணக்கு

மாத வாடகை 30,000 ரூபாய் என்று ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பத்து மாத அட்வான்ஸ் 3 லட்சம் ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை, அதாவது 30,000 ரூபாய். முதல் மாத வாடகை 30,000 ரூபாய். வீட்டுச் சாவி கைக்கு வருவதற்குள் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் தேவைப்படுகிறது. லாரி வாடகையும் புதிய வீட்டுக்கான பொருட்செலவும் இதற்கு மேல்.

இந்த 3 லட்சம் ரூபாய் திரும்பி வரும் பணம்தானே என்ற எண்ணம் பொதுவாக உண்டு. ஆனால் அட்வான்ஸுக்கு உரிமையாளர் வட்டி தருவதில்லை. அதே தொகை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கியில் இருந்தால், ஆண்டுக்கு 21,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 1,750 ரூபாய் கிடைக்கும். வீட்டைக் காலி செய்யும்போது ‘பெயின்டிங் செலவு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூருவின் மற்றொரு வழக்கம். இரண்டு ஆண்டுகள் குடியிருந்தவருக்கு அது மாதம் 1,250 ரூபாய். தரகுத் தொகையும் அதே போல மாதம் 1,250 ரூபாய். ஆக, ஒப்பந்தத்தில் 30,000 ரூபாய் என்று எழுதப்பட்ட வாடகை உண்மையில் 34,250 ரூபாய் ஆகிறது. ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதல்.

சேமிப்பு உள்ளவருக்கு இது இழந்த வட்டி மட்டுமே. சேமிப்பு இல்லாதவர் தனிநபர் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ அட்வான்ஸ் கட்ட நேர்கிறது. அவருக்கு அது மாதந்தோறும் கையிலிருந்து போகும் வட்டி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், ஒற்றை வருமானக் குடும்பம், வீட்டு வேலை அல்லது சில்லறை வணிகத்தில் இருப்பவர் ஆகியோருக்கு மையப் பகுதியின் கதவு மூடப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாத வாடகையைச் சமாளிக்கக் கூடியவரும் அட்வான்ஸைச் சமாளிக்க முடியாமல் தொலைவான பகுதிக்குச் செல்கிறார்.

பணம் ஏன் தாமதமாகத் திரும்புகிறது?

அட்வான்ஸ் தொகை தனிக் கணக்கில் பத்திரமாக இருப்பதில்லை. மேல்தளம் கட்டுவது, மகளின் திருமணம், வங்கிக் கடனின் தவணை என உரிமையாளரின் வேறு தேவைகளுக்கு அது செலவாகிவிடுகிறது. எனவே, பழைய வாடகைதாரரின் பணம் புதிய வாடகைதாரர் தரும் அட்வான்ஸிலிருந்தே திரும்பத் தரப்படுகிறது. அடுத்தவர் வரும் வரை முன்னவர் காத்திருக்க வேண்டும். பொருளாதாரக் கண்ணோட்டத்தில், வாடகைதாரர் தன் உரிமையாளருக்கு வட்டியில்லாத, ஈடு இல்லாத ஒரு கடனைக் கொடுத்திருக்கிறார்.

இதனால்தான் காலி செய்யப் போகிறவர்கள் கடைசிச் சில மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உரிமையாளர் இதை ஒப்பந்த மீறலாகப் பார்க்கிறார். வாடகைதாரர் தற்காப்பாகப் பார்க்கிறார். இரு தரப்பிலும் நம்பிக்கைக்குப் பதிலாக முன்னெச்சரிக்கையே மேலோங்குகிறது.

3,500 ரூபாயில் நின்றுவிட்ட சட்டம்

கர்நாடகத்தில் வாடகைச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் இயற்றப்பட்டது. அது 2001 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அச்சட்டம் எல்லா வீடுகளுக்கும் பொருந்தாது. பெங்களூரு போன்ற பெருநகரப் பகுதிகளில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் இருந்தால், அந்த வீடு சட்டத்தின் எல்லைக்கு வெளியே போய்விடும். பிற பகுதிகளுக்கு இந்த வரம்பு 2,000 ரூபாய்.

சட்டம் எழுதப்பட்ட காலத்தில் 3,500 ரூபாய் என்பது நடுத்தர வர்க்கத்துக்குக் குறிப்பிடத்தக்க வாடகையாக இருந்தது. இன்று காக்ஸ் டவுன் போன்ற பகுதியில் குடும்பம் வாழத்தக்க ஒரு வீட்டை அந்தத் தொகைக்கு எதிர்பார்க்க இயலாது. விலைவாசிக்கேற்ப வரம்பு உயராததால், சட்டம் புத்தகத்தில் இருந்தும் பெங்களூருவின் பெரும்பாலான வாடகைதாரர்களுக்கு அது பயன்படுவதில்லை.

சட்டத்துக்கு வெளியே நிற்கும் வீடுகளுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமுமே பொருந்தும். அதாவது, ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே விதி. அட்வான்ஸ் திரும்பவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். சில லட்சம் ரூபாய்க்காக வழக்கறிஞர் கட்டணம் செலுத்தி ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட, பிடித்தம் போக வருவதைப் பெற்றுக்கொண்டு நகர்வதே மேல் என்று பலரும் முடிவு செய்கிறார்கள்.

பதினொரு மாத ஒப்பந்தம் ஏன்?

வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதங்களுக்கே எழுதப்படுவதற்கும் சட்டமே காரணம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலமே செய்யப்பட வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆவது பிரிவும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் கூறுகின்றன. பதிவுக் கட்டணத்தையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினொரு மாதம் என்ற வழி கண்டுபிடிக்கப்பட்டது.

இதன் விளைவு, ஆண்டுதோறும் ஒரு புதிய பேரம். ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் வாடகை 5 முதல் 10 சதவீதம் உயர்வது வழக்கமாகிவிட்டது. சில வேளைகளில் உயர்ந்த வாடகைக்கு ஏற்ப அட்வான்ஸிலும் கூடுதல் தொகை கேட்கப்படுகிறது. பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளியில் சேர்த்துவிட்ட குடும்பத்துக்கு இந்தப் பேரத்தில் மறுப்புச் சொல்லும் வாய்ப்பு குறைவு.

உரிமையாளர் தரப்பு நியாயம்

உரிமையாளர்கள் அனைவரையும் பேராசைக்காரர்களாகச் சித்திரிப்பது முழு உண்மை ஆகாது. காக்ஸ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் வீடுகளை வாடகைக்கு விடுவோரில் ஓய்வு பெற்றவர்களும், கணவரை இழந்த மூத்த பெண்களும் இருக்கிறார்கள். மாத வாடகையே அவர்களின் ஓய்வூதியம்.

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் குடிவந்தவரை வெளியேற்ற முடியாமல், சொற்ப வாடகையைப் பெற்றுக்கொண்டு தலைமுறைகளாக வழக்கு நடத்திய குடும்பங்களின் கதைகள் கண்டோன்மென்ட் பகுதியில் இன்னும் நினைவில் இருக்கின்றன. வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, உடைந்த கதவு ஆகியவற்றுக்காக நீதிமன்றம் செல்வது வாடகைதாரருக்கு எவ்வளவு கடினமோ, உரிமையாளருக்கும் அவ்வளவு கடினம். கையில் இருக்கும் அட்வான்ஸ் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த காப்பீடு. வழக்குகள் விரைந்து முடியும் என்ற நம்பிக்கை இருந்தால், பத்து மாத வாடகையைப் பிடித்து வைக்க வேண்டிய காரணம் குறைந்துவிடும்.

இதே அச்சம் வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கும் காரணமாகிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. அதே கணக்கெடுப்பில், நகர்ப்புறக் குடும்பங்களில் ஏறத்தாழ 27.5 சதவீதம் வாடகை வீட்டில் வசிப்பது தெரியவந்தது. ஒருபுறம் காலி வீடுகள், மறுபுறம் வீடு தேடுவோர் என்ற இந்த முரண்பாடே மத்திய அரசை மாதிரிச் சட்டம் ஒன்றை உருவாக்கத் தூண்டியது.

‘லீஸ்’ என்னும் இரட்டை ஆபத்து

மாத வாடகையைத் தவிர்க்க விரும்புவோருக்குப் பெங்களூருவில் இன்னொரு வழி உண்டு. தமிழ்நாட்டில் போக்கியம் அல்லது ஒத்தி என்று அழைக்கப்படுவது இங்கே ‘லீஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. பெரிய தொகை ஒன்றை உரிமையாளரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்பி வர வேண்டும்.

அட்வான்ஸில் உள்ள ஆபத்து இங்கே பன்மடங்கு பெரிதாகிறது. வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் தவணை கட்டத் தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி அந்த வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். லீஸ் தொகை கொடுத்தவருக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் பதிவு செய்யப்படாத முத்திரைத் தாள் ஒப்பந்தம் மட்டுமே. பதிவு செய்யப்படாத ஒப்பந்தத்தையோ வாய்மொழி உடன்பாட்டையோ நம்பி, ஓராண்டுக்கு மேல் அத்தகைய வீட்டில் இருக்க உரிமை கோர முடியாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் எடுத்தது.

இந்த ஆபத்து பெங்களூருவுக்கு மட்டும் உரியதன்று. தென்கொரியாவில் ‘ஜியோன்சே’ எனப்படும் இதே போன்ற முறையில், வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை முன்பணமாகக் கொடுத்து மக்கள் குடியிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் அங்கு வீட்டு விலை சரிந்தபோது, நூற்றுக்கணக்கான வீடுகளை வைத்திருந்த உரிமையாளர்களால் முன்பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. இளைஞர்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

மாதிரிச் சட்டம் சொல்வது என்ன?

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2ஆம் தேதி மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குடியிருப்பு வீடுகளுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மிகக்கூடாது. பிற கட்டடங்களுக்கு ஆறு மாத வாடகைக்கு மிகக்கூடாது என்று அது வரையறுக்கிறது. வீட்டை ஒப்படைக்கும் நேரத்திலேயே, உரிய பிடித்தம் போக மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டும். வாடகையை உயர்த்த மூன்று மாதங்களுக்கு முன்பே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன்பு உரிமையாளர் தகவல் தர வேண்டும்.

உரிமையாளருக்கும் அச்சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர், முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கு வாடகையும், அதன் பிறகு நான்கு மடங்கு வாடகையும் செலுத்த வேண்டும். தகராறுகளை விசாரிக்க வாடகை ஆணையம், வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற மூன்று அடுக்கு அமைப்பு பரிந்துரைக்கப்பட்டுள்ளது. ஆண்டுகள் ஆகும் வழக்குகளைச் சில மாதங்களில் முடிப்பதே நோக்கம்.

ஆனால் நிலமும் வாடகையும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாநிலச் சட்டமன்றம் ஏற்றால் மட்டுமே மாதிரிச் சட்டம் உயிர் பெறும். ‘இனி இரண்டு மாத அட்வான்ஸ் மட்டுமே’ என்று சமூக வலைத்தளங்களில் அவ்வப்போது பரவும் செய்திகளில் இந்த அடிப்படை உண்மை விடுபட்டுவிடுகிறது. உத்தரப் பிரதேசம், அசாம், ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் இதே திசையில் சட்டம் இயற்றியுள்ளன. கர்நாடகம் மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றித் தனிச் சட்டம் கொண்டுவரவில்லை.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. முன்பணத்துக்குப் பொதுவான வரம்பாக மூன்று மாத வாடகையை அது குறிப்பிடுகிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் வந்த பிறகும் சென்னையில் பழைய வழக்கம் முழுமையாக மறையவில்லை. எனினும், தகராறு வரும்போது சுட்டிக்காட்ட ஒரு விதியும், முறையிட ஓர் அலுவலகமும் அங்கே இருக்கின்றன. காக்ஸ் டவுனில் குடியிருப்பவருக்கு இவ்விரண்டும் இல்லை.

முன்பணத்தைக் குறைப்பது ஒரு வழி என்றால், அதை மூன்றாம் தரப்பிடம் பாதுகாப்பது மற்றொரு வழி. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வாடகைதாரரின் முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் உரிமையாளர் சேர்க்க வேண்டும். இதற்கு 30 நாட்கள் அவகாசம். தவறினால் முன்பணத்தைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கப்படலாம். 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. ஜெர்மனியில் மூன்று மாத வாடகையே உச்சவரம்பு. அந்தத் தொகையை உரிமையாளர் தன் பணத்திலிருந்து பிரித்து வட்டியுடன் வைத்திருக்க வேண்டும்.

வீடு மறுக்கப்படுவோர்

பணம் இருந்தும் வீடு கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர், மலையாளிகள், கன்னடர் எனப் பல சமூகத்தவரும் கலந்து வாழும் காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகள் நகரின் பிற இடங்களைவிடத் திறந்த மனம் கொண்டவை என்று பெயர் பெற்றவை. வேறு இடங்களில் உணவுப் பழக்கத்தையோ மதத்தையோ காரணம் காட்டி மறுக்கப்படுவோர் இங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும், திருமணமாகாதவர், தனித்து வாழும் பெண் என்றால் கூடுதல் கேள்விகள் நாட்டின் பல நகரங்களைப் போல இங்கும் எழுகின்றன.

தனியார் வாடகையில் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்யும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. குறிப்பிட்ட சமூகத்தினருக்கு மட்டும் உறுப்பினர் தகுதி வழங்கும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 2021ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டமும் இந்த விஷயத்தில் மௌனமாகவே இருக்கிறது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

சட்டப் பாதுகாப்பு குறைவாக இருக்கும் நிலையில், வாடகைதாரருக்கு ஒப்பந்தமே அரண். அட்வான்ஸ் தொகை, அது திரும்பத் தரப்பட வேண்டிய காலக்கெடு, பெயின்டிங் உள்ளிட்ட பிடித்தங்களின் அளவு, ஆண்டு வாடகை உயர்வு, இரு தரப்புக்கும் பொருந்தும் முன்னறிவிப்புக் காலம் ஆகியவை எண்களில் தெளிவாக எழுதப்பட வேண்டும். ‘வழக்கப்படி’ என்ற சொல் பின்னாளில் உரிமையாளருக்கே சாதகமாகும். குடியேறும் நாளில் சுவர், கதவு, குழாய், மின்சாதனங்களைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைப்பது, காலி செய்யும்போது எழும் தகராறுகளில் பாதியைத் தவிர்க்கும்.

அட்வான்ஸை வங்கி வழியாகச் செலுத்துவதே பாதுகாப்பானது. 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவதற்கு 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை உள்ளது. லீஸ் எடுப்போர், கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதும், வீட்டின் மீதான அடமானங்களைக் காட்டும் செர்சாய் மத்தியப் பதிவேட்டில் தேடுவதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. மூன்றாண்டு லீஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விடுவது, மிச்சப்படும் கட்டணத்தைவிடப் பன்மடங்கு இழப்பைத் தரக்கூடும்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. மாதம் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் தரும் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023 முதல் வாடகைதாரர்களுக்கும் உண்டு. முந்தைய குடியிருப்பாளரின் ஆதார் எண் அந்த இணைப்பிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தால்தான் புதியவர் பதிவு செய்ய முடியும். எனவே குடியேறும் முன்பே அதை உறுதி செய்துகொள்வது நல்லது.

இராணுவ அதிகாரி என்றோ துணை இராணுவப் படையினர் என்றோ அறிமுகம் செய்துகொண்டு, வீட்டை நேரில் காட்டாமலேயே ‘டோக்கன் அட்வான்ஸ்’ கேட்கும் இணைய மோசடி பல நகரங்களில் நடக்கிறது. வீட்டைப் பார்க்காமல் எந்தத் தொகையும் அனுப்பக் கூடாது. பணத்தை இழந்தவர்கள் உடனடியாக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அரசின் முன் உள்ள பணி

2025 செப்டம்பரில் பெங்களூருவின் ஒரே மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. சாலை, குப்பை, வரி ஆகியவற்றை நிர்வகிக்கப் புதிய அமைப்புகள் வந்துள்ளன. நகரில் வாடகைக்குக் குடியிருப்போருக்கும் அவர்களின் உரிமையாளர்களுக்கும் இடையிலான பணத்தை ஒழுங்குபடுத்த மட்டும் எந்த அமைப்பும் இல்லை.

தீர்வு கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இல்லை. 3,500 ரூபாய் என்ற வரம்பைத் திருத்துவது, முன்பணத்துக்கு உச்சவரம்பு விதிப்பது, அதைத் திருப்பித் தரக் காலக்கெடு நிர்ணயிப்பது, இரு தரப்பும் எளிதில் அணுகத்தக்க வாடகை ஆணையத்தை அமைப்பது ஆகிய நான்கும் மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. இவற்றில் கடைசியானதே முதலில் வர வேண்டும். பாக்கி வைத்துவிட்டு வீட்டைப் பிடித்துக்கொள்பவரைச் சில மாதங்களில் வெளியேற்ற முடியும் என்ற உறுதி கிடைக்காமல், அட்வான்ஸைக் குறைக்கச் சொன்னால் உரிமையாளர்கள் வீட்டைப் பூட்டிவிடுவார்கள், அல்லது குறைத்த தொகையை வேறு பெயரில் வாங்குவார்கள்.

நூறாண்டுகளுக்கு முன்பு நோயும் நெருக்கடியும் வாட்டியபோது, நகர நிர்வாகம் திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்புகளில் ஒன்று காக்ஸ் டவுன். வீட்டுவசதியை அன்று ஆட்சியின் பொறுப்பாகக் கருதியதன் விளைவு அது. இன்று அதே தெருக்களில் வீடு கேட்டு வருபவர், மாத வாடகையைத் தரத் தயாராக இருந்தும், பத்து மாத வாடகை கையில் இல்லாததால் திரும்பிச் செல்கிறார். அந்தத் தொகையைத் திரட்டியவரோ, அது முழுதாகத் திரும்பி வருமா என்ற கேள்வியுடனேயே குடியிருக்கிறார்.